இரண்டாவது துளை

பெட்டி முடிவைச் சொல்லப் பதினோரு நிமிடம் எடுத்துக்கொள்ளும். அந்தப் பதினோரு நிமிடத்தைப் பேச்சால் நிரப்பத் தெரிந்தவள் கமலவேணி. வாந்தி நின்றதா, வாய்க்கு என்ன கேட்கிறது, வீட்டுக்காரர் என்ன வாங்கித் தருகிறார் என்று ஓயாமல் பேசுவாள். இருபத்தாறு வருஷ நர்ஸ் வேலையில் படிந்த பழக்கம். அன்றைக்கு அவளுக்குப் பேச்சு வரவில்லை. எதிரே பெஞ்சில் விரலைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் சங்கவி. குமாரவேலின் மனைவி. இரண்டாவது மனைவி.

தேன்பாறை எஸ்டேட்டின் குழந்தைகள் காப்பகத்துக்குப் பின்னால் இருக்கும் சிறிய அறை அது. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. மலைக்கு மேலே தேயிலை, கீழே நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், அதற்கும் கீழே சமவெளியில் ஆஸ்பத்திரி. இந்தத் தூரம்தான் கமலவேணியின் வாழ்க்கை முழுக்க இருந்த பயம்.

பெட்டி ஒருமுறை கூவியது. திரையில் எண் வந்தது. தொண்ணூற்றொன்று. அதன் கீழே சிவப்புப் பட்டை.

"செவப்புதானக்கா?" என்றாள் சங்கவி. திரை அவளுக்குத் தெரியாதபடிதான் கமலவேணி பெட்டியைத் திருப்பி வைத்திருந்தாள். "உங்க மொகத்தப் பாத்தாலே தெரியுது."

"பயப்படாத. இப்பவே தெரிஞ்சுக்கிட்டது நல்லதுதான். பதிமூணு வாரம்தான் ஆகுது. மாத்திரை இருக்கு, கவனிப்பு இருக்கு..."

"அழிக்க முடியுமாக்கா?"

கமலவேணி பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அழிச்சிருங்கக்கா. பச்சைன்னு போட்டுருங்க. மாத்திரை குடுத்தா முழுங்கிக்கிறேன். எந்த ஊசின்னாலும் போட்டுக்கிறேன். எங்கத்தைக்கு மட்டும் தெரிய வேணாம். மொதல்ல இருந்தவங்களுக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியும்."

'முன்னறி' என்று திட்டத்துக்குப் பெயர். கருவுற்ற பதினோராவது வாரத்துக்கும் பதினான்காவது வாரத்துக்கும் நடுவே ஒரு சொட்டு ரத்தம். பேறுகாலத்தில் ரத்தக்கொதிப்பு ஏறி, கை கால் வீங்கி, வலிப்பு கண்டு தாயும் பிள்ளையும் போய்விடும் ஆபத்து யாருக்கு இருக்கிறது என்று ஐந்தாறு மாதம் முன்னாலேயே அந்தப் பெட்டி சொல்லிவிடும். பச்சை என்றால் வீட்டில் இருக்கலாம். மஞ்சள் என்றால் வாரா வாரம் வர வேண்டும். சிவப்பு என்றால் இருபத்தாறாவது வாரமே மலையிறங்கி, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலிருக்கும் தாய் விடுதியில் பிரசவம்வரை தங்க வேண்டும். திட்டம் வந்த ஐந்து வருஷத்தில் இந்த மலையில் வலிப்பால் செத்த பெண்கள் இரண்டே பேர். அதற்கு முன்னால் வருஷத்துக்கு ஐந்தாறு பேர். கமலவேணி அந்தப் பெட்டியைச் சாமி மாதிரி தூக்கிக்கொண்டு அலைந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் நிறத்துக்குக் கால் முளைத்துவிட்டது. மருத்துவ அட்டையில் விழுந்த சிவப்பு அப்படியே தங்கிவிடும். பெண் பார்க்க வருகிறவர்கள் "அக்காவுக்கு என்ன கலரு?" என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். தரகர்கள் ஜாதக நகலோடு பெண்ணின் அக்காவுடைய அட்டை நகலையும் கேட்டார்கள். சிவப்பு என்பது ஒரு பிரசவத்துக்கான எச்சரிக்கை என்பது போய், ஒரு ரத்தத்துக்கான வசை ஆகிவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே அறையில், இதே பெஞ்சில் ஜெயக்கொடி உட்கார்ந்திருந்தாள். குமாரவேலின் முதல் மனைவி. எண்பத்தெட்டு. பக்கத்தில் மாமியார் ராக்கம்மாள் நின்றிருந்தாள். கமலவேணி எண்ணை உரக்கப் படித்துச் சொன்னாள். யாரிடம் கேட்டுப் படித்தோம் என்று இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் யாரிடமும் கேட்கவில்லை.

ராக்கம்மாள் மருமகளைக் கீழே அனுப்பவில்லை. "ஊரு சிரிக்கும்" என்றாள். கமலவேணி நான்கு முறை போய் மன்றாடினாள். முப்பத்தொன்றாவது வாரம் ஒரு மத்தியானம் ஜெயக்கொடி கொழுந்துக்கூடையோடு விழுந்தாள். ஆம்புலன்ஸ் வந்தது. ஒன்பதாவது வளைவில் யானைக்கூட்டம் சாலையை மறித்து நின்றது. நாற்பது நிமிஷம். வண்டிக்குள் ஜெயக்கொடிக்கு மூன்று தடவை வலிப்பு வந்தது. அவள் நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் இருக்க முகத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது கமலவேணிதான். ஜெயக்கொடி பிழைத்தாள். வயிற்றில் இருந்த பெண் குழந்தை பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் நேராகப் பிறந்த வீட்டுக்குத்தான் போனாள். "அவ ரத்தம் சரியில்ல" என்று ராக்கம்மாள், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் சொல்லி முடித்துக்கொண்டாள். ஒரு வருஷத்தில் குமாரவேலுக்குச் சங்கவி வந்தாள். சங்கவியின் இரண்டு அக்காக்களுக்கும் பச்சை. பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தார்கள்.

"அழிக்க முடியாது சங்கவி" என்றாள் கமலவேணி. "ஆனா இங்க சிக்னல் இல்ல. முடிவு இன்னும் பெட்டிக்குள்ளதான் இருக்கு. மூணு நாளைக்குள்ள டவுனுக்குக் கொண்டு போய் ஏத்தணும். இல்லன்னா பெட்டி பூட்டிக்கும்."

"அப்ப மூணு நாளு இருக்கு."

"மூணு நாள்ல என்ன பண்ண முடியும்?"

"தெரியலக்கா" என்றாள் சங்கவி. அவளுக்கு வயது இருபத்திரண்டு. அழவில்லை. பஞ்சை எடுத்து விரலைப் பார்த்தாள். ரத்தம் நின்றிருந்தது. "நீங்க ஏதாவது பண்ணுங்க."

கமலவேணி சின்ன ஆஸ்பிரின் மாத்திரைகளைச் சத்து மாத்திரை உறைக்குள் போட்டுக் கொடுத்தாள். தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று, மறக்கவே கூடாது என்று மூன்று தடவை சொன்னாள். பெட்டியைப் பையில் வைத்தாள்.

ஒரு வீடு. ஒரே ஆண். இரண்டு குடும்பத்திலிருந்து வந்த இரண்டு பெண்கள். இரண்டு பேரும் சிவப்பு. நூற்றுக்கு ஐந்து பேருக்குக்கூட வராத சிவப்பு. பஸ்ஸில் போகும்போது இந்தக் கணக்கு அவளை விடவே இல்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் ஷாஜிதா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் அவள் சொன்னதைக் கேட்டாள். முப்பத்தைந்து வயதுதான் டாக்டருக்கு. மலைக்கு மாற்றலாகி வந்து ஒரு வருஷம்.

"நஞ்சுக்கொடி யாரோடதுன்னு நினைக்கிறீங்க சிஸ்டர்?"

"அம்மாவோடது மேடம்."

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. அது குழந்தையோடது. குழந்தைல பாதி அப்பா. நஞ்சுக்கொடி கர்ப்பப்பையில எவ்வளவு ஆழமா வேர் விடணும், அம்மாவோட ரத்தக்குழாயை எப்படி அகலப்படுத்தணும், இதுல அப்பா குடுத்த பாதிக்கும் பங்கு உண்டு. வேர் சரியா இறங்கலன்னா நஞ்சுக்கொடி பட்டினி கிடக்கும். பட்டினியில கண்ட புரதத்தையும் அம்மா ரத்தத்துல கொட்டும். அதைத்தான் இந்தப் பெட்டி கண்டுபிடிக்குது. பெட்டி பாக்குறது நஞ்சுக்கொடியை. நாமதான் அதை அம்மா பேர்ல எழுதுறோம்."

டாக்டர் பெட்டியை இழுத்துக் கவிழ்த்தாள். ரத்தச் சொட்டு விடும் துளைக்குப் பக்கத்தில் இன்னொரு துளை, வெள்ளை மூடியால் அடைக்கப்பட்டு இருந்தது.

"இது எதுக்குன்னு தெரியுமா?"

"ஸ்பேர்னு சொன்னாங்க மேடம், டிரெய்னிங்ல."

"அப்பாவோட ரத்தத்துக்கு. முதல்ல வந்த பெட்டியில ரெண்டு சொட்டும் விழுந்தாதான் முடிவு வரும். ஆறு மாசம் பாத்தாங்க. நூறு பொம்பளை வந்தா நாலு ஆம்பளை வந்தான். முடிவே வராம பெட்டியெல்லாம் சும்மா கிடந்துச்சு. திட்டமே நின்னுடும்ங்கிற நிலைமை. கணக்கை மாத்தி, ஒரு சொட்டே போதும்னு ஆக்கி, அந்தத் துளையை அடைச்சுட்டாங்க."

"ஆம்பளைங்க கை நீட்டலங்கிறதுக்காகவா மேடம்?"

"அதுக்காகத்தான். நான் அப்ப படிச்சிட்டிருந்தேன், என் சீனியர் ஒருத்தங்க அந்த வேலையில இருந்தாங்க. உயிரைக் காப்பாத்தணும், வேற வழி இல்லன்னாங்க. அவங்க சொன்னதுலயும் நியாயம் இருக்கு. எத்தனை பேர் பிழைச்சிருக்காங்க பாருங்க." டாக்டர் மூடியை நகத்தால் நிமிண்டினாள். "உள்ள கருவி இன்னும் இருக்கு. என் பாஸ்வேர்டு போட்டா திறக்கும். ஆனா சிஸ்டர், அவனுக்குச் சிவப்பு வந்தா அப்புறம் அவனை என்ன சொல்லிக் கூப்பிடுவாங்கன்னு யோசிச்சீங்களா? முழுக்க அவன்தான் காரணம்னும் சொல்ல முடியாது. பாதிதான்."

"இது வரைக்கும் முழுசும் அவளுகதான்னு சொல்லிட்டு இருந்தோமே மேடம்" என்றாள் கமலவேணி. தன் குரல் உயர்ந்ததில் அவளுக்கே கூச்சமாக இருந்தது.

மறுநாள் காலை அவள் ஃபேக்டரிக்குப் போனாள். குமாரவேல் மாடியில் கொழுந்து வாட்டும் தொட்டிகளுக்கு நடுவே நின்று இலையைப் புரட்டிக்கொண்டிருந்தான். விசிறிச் சத்தத்தில் அவன் காதருகே போய்ப் பேச வேண்டியிருந்தது. அதனால் அவன் முகத்தை அவள் மிக அருகில் பார்த்தாள். நல்லவன் என்றோ கெட்டவன் என்றோ சொல்ல முடியாத முகம். அம்மா சொன்னதைக் கேட்டே வளர்ந்த முகம்.

"எனக்கு எதுக்குக்கா ஊசி? நானா புள்ள பெக்கப் போறேன்?"

"சங்கவிக்குச் செவப்பு வந்திருக்கு."

இலையைப் புரட்டிய கை நின்றது.

"ஜெயக்கொடிக்கும் செவப்பு. ரெண்டு பேரும் உனக்குத்தான் மாசமானாங்க. நான் வேற ஒண்ணும் சொல்லல. வந்து ஒரு சொட்டு குடு. ஒண்ணும் இல்லன்னா இல்லன்னு தெரிஞ்சுக்கலாம்."

"இருந்தா?"

"இருந்தா, உன் பொண்டாட்டிய உங்கம்மா வீட்டை விட்டு வெரட்ட முடியாது."

அவன் அவளைக் கடந்து படியிறங்கிப் போய்விட்டான். அன்று முழுக்கக் கமலவேணி எதிர்பார்த்தாள். வரவில்லை. அடுத்த நாள் மூன்றாம் நாள். மாலை ஐந்து மணிக்குள் டவுனுக்குப் போயாக வேண்டும். டாக்டர் ஷாஜிதா காலையிலேயே எஸ்டேட்டுக்கு வந்து, காப்பகத்துப் பின்னறையில் உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டு மணி ஆனது, இரண்டு ஆனது. கமலவேணி வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தாள். அந்தப் பெண்ணின் ரகசியத்தை அவள் புருஷனிடம் உடைத்துவிட்டோமே, அவன் நேரே அம்மாவிடம் போய்ச் சொல்லியிருந்தால் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

இரண்டரைக்கு மூன்று பேராக வந்தார்கள். முன்னால் குமாரவேல். பின்னால் சங்கவி. அவளுக்கும் பின்னால், முந்தானையைத் தலையில் போட்டு மழைக்கு மறைத்தபடி ராக்கம்மாள்.

"இவன் எங்கிட்ட சொல்லிட்டான்" என்றாள் ராக்கம்மாள். சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

டாக்டர் மூடியைப் பிடுங்கினாள். குமாரவேல் கையை நீட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்புறம் பதினோரு நிமிடம். ஓட்டின்மேல் மழை விழுந்துகொண்டிருந்தது. முன்னறையில் பிள்ளைகள் ஏதோ பாட்டைத் தப்பும் தவறுமாகப் பாடின.

பெட்டி கூவியதும் கமலவேணி திரையைப் பார்த்தாள். படிக்க வாயெடுத்தவள் நிறுத்தினாள்.

"குமாரு, எல்லார் முன்னாலயும் படிக்கட்டுமா, உனக்கு மட்டும் சொல்லட்டுமா?"

அவன் சங்கவியைப் பார்த்தான். "படிங்கக்கா."

"அப்பா பக்கப் பங்கு அதிகம்னு போட்டிருக்கு. செவப்பு."

சங்கவி மூச்சை விட்டது அறை முழுக்கக் கேட்டது. குமாரவேல் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது சுவரோரத்திலிருந்து ராக்கம்மாள் பேசினாள்.

"அது அவனோடது இல்ல. எங்கிட்டருந்து வந்தது."

எல்லாரும் திரும்பினார்கள்.

"இவனப் பெறும்போது எனக்கு வலிப்பு வந்துச்சு. ரெண்டு நாளு நெனவே இல்ல. கண்ணத் தொறந்தா எம்மாமியா பேய் ஓட்டுறவனக் கூட்டியாந்து நிறுத்தியிருக்கா. பேய் புடிச்சவன்னு ஒரு வருசம் என்னய அடுப்படிக்குள்ள விடல. அப்புறம் நான் யாருகிட்டயும் சொன்னதே இல்ல. எம்புருசன் செத்ததுக்கப்புறம் அது தெரிஞ்ச ஆளே இல்லன்னு நெம்மதியா இருந்தேன்." அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஜெயக்கொடி விழுந்து வலிப்புல இழுத்தப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். பாத்ததும் தெரிஞ்சுருச்சு, இது அதேதான்னு. அவள வச்சிருந்தா யாராவது ஒரு நாளு எங்கிட்ட கேப்பாங்க, நீ எப்படிப் பெத்தன்னு. அதான் அனுப்பிச்சேன்."

டாக்டர் ஷாஜிதா மெதுவாகச் சொன்னாள். "அப்படிப் பிறக்குற ஆம்பளைப் பிள்ளைங்க சில பேர் அதைத் தூக்கிட்டு வரலாம்மா. பெரிய ஆராய்ச்சியிலேயே சொல்லியிருக்காங்க. அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அவங்க பொண்டாட்டிங்களுக்குத்தான் ஆபத்து."

பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த கமலவேணியின் கை அப்படியே நின்றது. அவளுடைய மகன் கவின் எட்டாம் மாதக் கடைசியில் பிறந்தவன். கால் வீங்கி, தலை வெடிப்பதுபோல் வலித்து, பிரஷர் நூற்று எழுபதுக்குப் போய், அவசரமாக வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். நர்ஸுக்குத் தெரியாத விஷயம் இல்லை. பிழைத்தோம், அவ்வளவுதான் என்று அதை மூடி வைத்திருந்தாள். அது அவளோடு முடிந்துபோனது என்றே நினைத்திருந்தாள். இப்போதும் அந்த நினைப்பைத் தள்ளிவிட்டாள். மூன்றரைக்குப் பஸ். ஐந்துக்குள் முடிவை ஏற்ற வேண்டும்.

அதற்குப் பிறகு ராக்கம்மாள் மருமகளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருபத்தாறாவது வாரம் சங்கவி மலையிறங்கியபோது கூடவே தானும் மூட்டை கட்டினாள். துணைக்கு வந்த கமலவேணிக்குத்தான் பஸ்ஸில் இருப்புக் கொள்ளவில்லை. தாய் விடுதியில் உதவியாளாக வேலை பார்ப்பது ஜெயக்கொடி என்று அவளுக்குத் தெரியும். சங்கவியிடம் சொல்லிவிட்டாள். ராக்கம்மாளிடம் சொல்லத் துணிவு வரவில்லை.

ஜெயக்கொடி நீலச் சட்டையும் கையில் பிரஷர் கருவியுமாக வராந்தாவில் வந்தாள். மெலிந்திருந்தாள். மூன்று பேரையும் பார்த்தாள். சங்கவியின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு எல்லாரிடமும் சொல்கிற மாதிரி "உக்காருங்க, கையை நீட்டுங்க" என்றாள். பட்டையைச் சுற்றினாள், காற்றடித்தாள், எண்ணை அட்டையில் எழுதினாள்.

"ஜெயா" என்றாள் ராக்கம்மாள். "உம்மேல தப்பு இல்லம்மா. உன் ரத்தத்துல ஒண்ணும் இல்ல. அது எம்மவன் வழியா, எங்கிட்டருந்து வந்தது. டாக்டரு பாத்துட்டாங்க."

ஜெயக்கொடி பட்டையை மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"மூணு வருசமா நான் உப்பு போடாம சாப்பிடுறேன் அத்தை" என்றாள். "எங்கம்மா எனக்குத் தனியா வடிச்சு வைப்பா. தங்கச்சிய பொண்ணு பாக்க வந்தா நான் பக்கத்து வீட்டுல போய் உக்காந்துக்குவேன். எதுக்கு அப்படி உக்காந்தேன்? சொல்லுங்க."

ஜெயக்கொடி கமலவேணியின் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

"நீங்களும் நம்புனீங்கல்லக்கா."

"நம்புனேன்" என்றாள் கமலவேணி. "நான்தான் உரக்கப் படிச்சேன். தப்பு எம்மேலயும் இருக்கு."

ஜெயக்கொடி தலையசைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். ராக்கம்மாளோடு அவள் அதற்கப்புறம் பேசவே இல்லை. ஆனால் காலையும் மாலையும் சங்கவியின் கையில் பட்டை சுற்ற ஒரு நாளும் தவறவில்லை. முப்பத்து நாலாவது வாரம் ஒரு காலையில், கண் முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது என்று சங்கவி சொன்ன உடனே, எண்ணைப் பார்ப்பதற்கு முன்னாலேயே ஜெயக்கொடி ஸ்ட்ரெச்சருக்குக் கத்தினாள். நூற்று அறுபத்தெட்டு. பதினைந்தே நிமிஷத்தில் ஆபரேஷன் அறை. வலிப்பு வரவில்லை. ஒன்றே முக்கால் கிலோவில் ஆண் குழந்தை. கமலவேணிக்கு முதல் ஃபோன் ஜெயக்கொடியிடமிருந்துதான் வந்தது. "ரெண்டு பேரும் இருக்காங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

டாக்டர் ஷாஜிதா சும்மா இருக்கவில்லை. தேன்பாறையின் முடிவையும் அது போல இன்னும் பதினேழு குடும்பங்களின் முடிவையும் சேர்த்து மேலிடத்துக்கு எழுதினாள். நான்கு மாதத்தில் புதுப் பெட்டி வந்தது. இரண்டாவது துளைக்கு மூடி இல்லை. ஆண் ரத்தம் கட்டாயம். ஜெயக்கொடியின் அட்டையிலிருந்து சிவப்பை எடுத்துவிட்டார்கள். கமலவேணி அதைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். ஜெயக்கொடி வாங்கிப் பார்த்தாள், சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. கமலவேணி எதிர்பார்க்கவும் இல்லை.

எடுத்த சிவப்பு எங்காவது போய் உட்கார வேண்டுமல்லவா. ஃபேக்டரியில் குமாரவேலுக்குப் பட்டப்பெயர் வந்தது. அவனோடு ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டவர்கள் விலகிப் போகவில்லை என்றாலும் சிரித்தார்கள். பக்கத்து எஸ்டேட்டில் ஒரு கல்யாணம் மாப்பிள்ளையின் அட்டையைப் பார்த்து நின்றது. பெண் வீட்டார் பழி வாங்கியதுபோல் சந்தோஷப்பட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது கமலவேணிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

புதுப் பெட்டியோடு ஒரு சுற்றறிக்கையும் வந்தது. தாய்க்கு இந்நோய் இருந்து பிறந்த ஆண்கள் எல்லாரையும் பதிவு செய்ய வேண்டும். கைக்குழந்தை முதல் நாற்பது வயதுவரை.

சங்கவியின் வீட்டுக்கு அவள் ஒரு முற்பகலில் போனாள். குழந்தை கொழுத்திருந்தான். கமலவேணி சுற்றறிக்கையை முழுசாக வாசித்துக் காட்டினாள்.

"எம்புள்ள பேர எழுதாதீங்கக்கா" என்றாள் சங்கவி. "இப்பத்தான் தலையே நிக்குது அவனுக்கு. அதுக்குள்ள செவப்பா?"

குமாரவேல் வாசல்படியில் உட்கார்ந்து செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிராமலேயே சொன்னான். "எழுதுங்கக்கா. எம்பேர யாரும் எழுதி வெக்கல. அதனால என் மொதப் புள்ள வண்டிக்குள்ளயே போச்சு."

சங்கவி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "அவனுக்கு வெவரம் தெரியற வயசுல நான்தான் சொல்லுவேன். ஊர்க்காரங்க வாயில அவன் கேக்கக் கூடாது" என்றாள். கமலவேணி பெயரை எழுதினாள். ஊரையும் பிறந்த தேதியையும் எழுதினாள். சேமித்தாள்.

வெளியே வந்து தேயிலைக்கு நடுவே நடந்தாள். ஃபோன் பேச மட்டும் சிக்னல் கிடைக்கும் திருப்பத்தில் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை கவினுக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள். பெண் கோயம்புத்தூரில் வங்கியில் வேலை. கவினுக்கும் பிடித்துப்போய், இரண்டு பேரும் ஃபோனில் பேசத் தொடங்கியிருந்தார்கள். கமலவேணியின் பிரசவ ஏடு எங்கேயும் கணினியில் இல்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய காகிதம். அவள் கணவரும் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அவளே சொன்னால் ஒழிய யாருக்கும் தெரியாது. அந்த மலையில் பதிவேட்டை எழுதுகிறவளே அவள்தான்.

தெரிந்த ஆளே இல்லை என்று நிம்மதியாக இருந்தேன் என்றாளே ராக்கம்மாள், அந்த நிம்மதி எப்படிப்பட்டது என்று கமலவேணிக்கு இப்போது தெரிந்தது. அது இனிப்பாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கழியட்டும், கல்யாணம் முடியட்டும், அந்தப் பெண் உண்டானால் நாமே பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளலாம், மாத்திரையைச் சத்து மாத்திரை உறையில் போட்டுக் கொடுத்துவிடலாம் என்றெல்லாம் மனசு வரிசையாக வழி சொன்னது. எல்லாமே நல்ல வழிகளாகத்தான் தெரிந்தன.

எழுந்து நின்று ஃபோன் போட்டாள். கவின் இரண்டாவது மணியிலேயே எடுத்தான். பின்னால் ஆபீஸ் சத்தம்.

"என்னம்மா, இந்நேரத்துக்கு? மழையா அங்க?"

"கவினு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ பொறந்தப்ப நடந்தது. இதுவரைக்கும் சொன்னதில்ல." நின்று நின்றுதான் சொல்ல முடிந்தது. எண்களைச் சொன்னாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள். சுற்றறிக்கையைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட வேண்டும் என்றும், நான் சொல்ல மாட்டேன், நீதான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னாள்.

அந்தப் பக்கம் ஆபீஸ் சத்தம் குறைந்தது. எங்கோ வெளியே வந்து நிற்கிறான் போலிருந்தது. கீழே சமவெளியிலிருந்து ஏறி வரும் பஸ் ஒன்று வளைவில் ஹாரன் அடித்தது. கமலவேணி ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அம்மா" என்றான் கவின். "அப்ப நான் என்ன கலரும்மா?"

எத்தனையோ பெண்கள் அவளிடம் கேட்ட கேள்வி. ஒவ்வொரு தடவையும் பெட்டியைப் பார்த்துப் பதில் சொல்லியிருக்கிறாள்.

"தெரியலப்பா" என்றாள். "நீ வா. நான்தான் குத்துவேன். பதினோரு நிமிசம் ஆகும். நான் உன் பக்கத்துலயே இருக்கேன்."